குழந்தைக்குப் புரை ஏறி மூச்சுக்குழாயில் பொருள் சிக்கினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் வரை டெல்டா ஊர்களில் பெற்றோர், தாத்தா பாட்டிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குழந்தை வாயில் எதையோ வைத்திருந்தபோது திடீரென்று புரை ஏறி, முகம் சிவந்து இருமியதை யாராவது ஒருவர் கண்ணால் பார்த்திருந்தால் போதும். அதன்பிறகு இருமல் நின்றிருந்தாலும், எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும், அந்தக் குழந்தையை அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

குழந்தைக்கு இந்த நிமிடமே மூச்சு முட்டுகிறது. என்ன செய்வது?

முதலில் பார்க்க வேண்டியது, சத்தம் வருகிறதா என்பதை. அழுகிறது, பேசுகிறது, பலமாக இருமுகிறது என்றால் காற்று போய் வருகிறது. முதுகில் தட்டாதீர்கள், தலைகீழாகத் தூக்காதீர்கள். உட்கார்ந்தபடியே இருமவிடுங்கள். அந்த இருமலைவிடப் பலமான கருவி உங்கள் கையில் கிடையாது.

சத்தமே இல்லை, இருமல் வரவில்லை, உதடு நீலமாகிறது என்றால் குழாய் முழுவதும் அடைத்துவிட்டது. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும், இன்னொருவர் உடனே ஆரம்பிக்கட்டும்.

ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை: உங்கள் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி தாடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 முறை பலமாகத் தட்டுங்கள். வரவில்லையா, மல்லாக்கத் திருப்பி நடு மார்பு எலும்பில் 5 முறை அழுத்துங்கள். இந்த வயதில் வயிற்றை அழுத்தக் கூடாது, ஈரல் கிழியும்.

ஒரு வயதுக்கு மேல்: குழந்தைக்குப் பின்னால் முட்டி போட்டு, முன்பக்கமாகச் சாய்த்து, முதுகில் 5 தட்டு. பிறகு தொப்புளுக்கும் நெஞ்சுக்குழிக்கும் நடுவே ஒரு கையை முஷ்டியாக வைத்து, மறு கையால் அதைப் பிடித்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை வெட்டி இழுங்கள். பொருள் வெளியே வரும்வரை, அல்லது குழந்தை துவண்டுபோகும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள்.

துவண்டுவிட்டால் தரையில் கிடத்தி, நடு மார்பில் 30 முறை அழுத்துங்கள். வாயைத் திறந்து பாருங்கள், பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். இரண்டு முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மறுபடியும் 30. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவினால் அது குரல்வளைக்குள் இன்னும் இறங்கும். வயிற்றை அழுத்தி எடுத்திருந்தால், குழந்தை தேறிவிட்டாலும், வயிற்றுக்குள் அடிபடவில்லை என்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

உச்சந்தலையில் தட்டலாமா? சோற்று உருண்டை, வாழைப்பழம் கொடுக்கலாமா? தொக்கம் எடுப்பவரிடம் போகலாமா?

உச்சியில் தட்டுவதால் எதுவும் வெளியே வராது. சோற்று உருண்டையும் வாழைப்பழமும் இறங்குவது உணவுக்குழாயில். மூச்சுக்குழாயில் இருக்கும் கடலையை அவை தொடக்கூட முடியாது. மூச்சு திணறும் குழந்தைக்கு அதுவே இரண்டாவது அடைப்பாகலாம், பொருளை எடுக்க மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தையும் தள்ளிப்போடும்.

தொக்கம் எடுப்பது பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். மூக்கிலோ வாயிலோ ஊதி, அல்லது தொண்டைக்குள் விரல் விட்டு, எடுத்துவிட்டதாக ஒரு துண்டைக் காட்டுவார்கள். இரண்டு வயதுக் குழந்தையின் மூச்சுக்கிளைக்குழாய் உதட்டிலிருந்து 12 சென்டிமீட்டருக்கும் கீழே இருக்கிறது. அங்கே கிடப்பதை ஊதி எடுக்க வழியே இல்லை. ஊதும் காற்று பொருளைக் கீழே தள்ளத்தான் செய்யும். அதைவிடப் பெரிய கெடுதல், ‘எடுத்தாச்சு’ என்று நிம்மதியாக வீட்டுக்குத் திரும்பிவிடுவது. அந்த நிம்மதியில் வாரங்கள் போய்விடுகின்றன.

இருமல் நின்றுவிட்டது, பிள்ளை ஓடி விளையாடுகிறான். இன்னும் ஏன் மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

ஏமாற்றும் கட்டமே இதுதான். பொருள் குரல்வளையையும் பெரிய மூச்சுக்குழாயையும் தாண்டும்போது கடுமையான இருமல் வரும். அது ஒரு பக்கக் கிளைக்குழாயில் போய் உட்கார்ந்ததும், அங்குள்ள சவ்வு சில நிமிடங்களில் பழகிப்போய் இருமலைத் தூண்டுவதை நிறுத்திவிடும். மற்ற நுரையீரல் முழு வேலையையும் பார்ப்பதால் குழந்தை நன்றாகவே இருக்கும். மணிக்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் இந்த அமைதி நீடிக்கும். அதற்குள் கடலை ஊறிப் பெருக்கும், அதன் எண்ணெய் சவ்வைப் புண்ணாக்கும், பின்னால் சளி தேங்கிச் சீழ் பிடிக்கும். முதல் நாளில் ஒரே பிடியில் வந்திருக்கக்கூடிய கடலை, பத்தாம் நாளில் தொட்டாலே உதிரும் பிசுபிசுப்பாகவும், சுற்றிலும் ரத்தம் கசியும் சதையாகவும் மாறியிருக்கும்.

நம் ஊர்களில் எவை அதிகம் சிக்குகின்றன?

நிலக்கடலைதான் முதலிடம். அது உலகம் முழுக்க அப்படித்தான். அதன்பின் பொட்டுக்கடலை, தேங்காய்த் துண்டு, புளியங்கொட்டை, சீதாப்பழ விதை, முறுக்குத் துண்டு. வெற்றிலைப் பெட்டி இருக்கும் வீடுகளில் பாக்கும் சீவலும். நவராத்திரி, பிள்ளையார் சதுர்த்தி நாட்களில் சுண்டல். பங்குனி, சித்திரையில் உளுந்தும் பயறும் அடித்துத் திண்ணையில் காயும்போது தவழும் குழந்தையின் கைக்கு எட்டுவதெல்லாம் அதுதான். பல்லாங்குழி ஆடிவிட்டுப் புளியங்கொட்டைகளைப் பாயிலேயே விட்டுப்போவதும் உண்டு.

உளுந்து, பயறு, கொண்டைக்கடலை மூன்றும் மூச்சுக்குழாயின் ஈரத்தில் ஊறிப் பெருப்பவை. காலையில் பாதி அடைத்திருந்த குழாயை மாலையில் முழுவதும் அடைத்துவிடும். இரண்டு வயதுக் குழந்தையின் பெரிய மூச்சுக்குழாயே 6 முதல் 7 மில்லிமீட்டர் அகலம்தான், கிளைகள் அதைவிடக் குறுகியவை.

நெல்மணி தனி வகைத் தொல்லை. உமியின் சுணை ஒரு திசையில் மட்டும் வழுக்கிப் போகும், திரும்பி வராது. ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகரும், வெளியே இழுத்தால் சவ்வில் மாட்டிக்கொள்ளும்.

உணவல்லாதவற்றில் பேனா மூடி, ஹேர்பின், ஊக்கு, பொம்மையின் எல்இடி பல்பு, திருவிழாக் கடைப் பொம்மைக்குள் இருக்கும் சின்ன ஊதல். ஊதல் சிக்கிய குழந்தை மூச்சு விடும்போதெல்லாம் விசில் சத்தம் கேட்கும்.

பெரும்பாலான குழந்தைகள் ஒன்று முதல் மூன்று வயதுக்குள் இருப்பவர்கள். முன்பல்லால் கடிக்க முடியும், அரைக்கக் கடைவாய்ப்பல் முழுதாக வந்திருக்காது. வாயில் வைத்துக்கொண்டே ஓடுவார்கள், சிரிப்பார்கள், அழுவார்கள். அழும் குழந்தையைச் சமாதானப்படுத்த வாயில் கடலை மிட்டாய் ஊட்டுவது மிக ஆபத்தானது. தேம்பலின் ஆழமான உள்மூச்சு அதை நேராக உள்ளே இழுக்கும்.

எக்ஸ்ரே நார்மல் என்று சொல்லிவிட்டார்களே?

கடலையும் விதையும் பிளாஸ்டிக்கும் எக்ஸ்ரேயில் தெரியாது. தெரிவது உலோகம், கல், சில எலும்புகள் மட்டும். மற்றவற்றுக்கு, அடைப்பின் விளைவைத்தான் படத்தில் தேடுகிறோம். சைக்கிள் டியூபின் வால்வுபோல, கடலை சில நேரம் காற்றை உள்ளே விட்டு வெளியே விடாமல் தடுக்கும். அப்போது அந்தப் பக்க நுரையீரல் உப்பிக் கறுப்பாகத் தெரியும், இதயம் மறுபக்கம் தள்ளப்பட்டிருக்கும். குழாய் முழுதும் அடைத்தால் காற்று உறிஞ்சப்பட்டு அந்தப் பகுதி சுருங்கி வெள்ளையாகும்.

இந்த உப்பல் மூச்சை வெளியே விடும்போதுதான் எடுப்பாகத் தெரியும். வழக்கமாக எடுக்கும் படமோ மூச்சை உள்ளே இழுத்த நிலையில் எடுப்பது. ‘மூச்சை விடு’ என்றால் இரண்டு வயதுக் குழந்தை கேட்குமா? அதனால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, இரு பக்கமும் ஒவ்வொரு படம் எடுக்கச் சொல்கிறோம். கீழே அழுந்தும் நுரையீரல் சுருங்க வேண்டும். சுருங்கவில்லை என்றால் காற்று மாட்டியிருக்கிறது.

முதல் 24 மணி நேரத்தில் பல குழந்தைகளின் படம் முற்றிலும் சாதாரணமாகவே இருக்கும். ஆகவே ‘புரை ஏறியதைப் பார்த்தோம்’ என்ற உங்கள் சொல்லுக்கு எக்ஸ்ரேயைவிட எடை அதிகம். என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, நீலம் பாய்ந்ததா, யார் பார்த்தது என்று பார்த்தவரே வந்து சொல்வது நல்லது. பாட்டி பார்த்திருந்தால் பாட்டியையும் அழைத்து வாருங்கள். சந்தேகம் தீராமல், குழந்தையும் நிலையாக இருந்தால் சிடி ஸ்கேன் உதவும். மூச்சு திணறும் குழந்தையை ஸ்கேனுக்கு அனுப்பக் கூடாது.

ஒரு மாதமாகச் சளி, வீசிங். நெபுலைசர் வைத்தும் போகவில்லை. இதுவாக இருக்குமோ?

இருக்கலாம். யாரும் பார்க்காத நேரத்தில் புரை ஏறிய குழந்தைகள் ஆஸ்துமா, நிமோனியா, பிரைமரி காம்ப்ளெக்ஸ் (குழந்தைகளுக்கு வரும் காசநோய்) என்ற பெயர்களில் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பதுண்டு. வீசிங் ஒரு பக்கம் மட்டும் கேட்பது, ஒரே இடத்தில் நிமோனியா திரும்பத் திரும்ப வருவது, ஆன்டிபயாட்டிக் நிறுத்தியதும் காய்ச்சல் மறுபடி தொடங்குவது, குடும்பத்தில் யாருக்கும் ஆஸ்துமா இல்லாமல் திடீரென ஒரு நாளில் ஆரம்பித்த இருமல் ஆகியவை இருந்தால், ‘மூச்சுக்குழாயில் ஏதாவது இருக்குமா?’ என்று நீங்களே மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

எங்கே, எப்படிக் கொண்டுபோவது?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி ஆகிய ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. எங்கே போனாலும் புறப்படும் முன்னோ வழியிலோ தொலைபேசியில் மூன்று விஷயம் கேளுங்கள், அல்லது உங்களை அனுப்பும் மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள்: குழந்தைகளுக்கான ரிஜிட் பிராங்கோஸ்கோப் (மூச்சுக்குழாய்க்குள் இறக்கிப் பொருளை எடுக்கும் வளையாத உலோகக் குழாய்) இருக்கிறதா, அதைப் போடத் தெரிந்த மருத்துவர் இன்று இருக்கிறாரா, குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பவரும் குழந்தைகள் ஐசியுவும் உண்டா. வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஓரிடத்துக்குப் போய், அங்கே கருவி இல்லையென்று வேறிடத்துக்கு அனுப்பப்படுவதில் போகும் நேரத்தை ஒரு போன் மிச்சப்படுத்தும்.

வழியில் குழந்தையை அம்மா மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். அதுவாக எப்படி மூச்சு விடச் சௌகரியப்படுகிறதோ அப்படியே விடுங்கள், வற்புறுத்திப் படுக்க வைக்காதீர்கள். இந்தக் கட்டத்தில் தண்ணீர்கூட வேண்டாம். முதுகைத் தட்டிச் சளி எடுக்கும் பிசியோதெரபி பொருளை எடுக்கும்வரை கூடாது. கிளையில் இருந்த கடலை நகர்ந்து மேலே வந்து குரல்வளைக்குக் கீழே மாட்டினால், ஓரளவு மூச்சு விட்ட குழந்தைக்கு மூச்சே நின்றுவிடும். தூக்க மருந்தும் கொடுக்கக் கூடாது.

கையில் எடுத்துவர வேண்டியது, குழந்தை சாப்பிட்ட அதே பொருளில் இன்னொன்று. அதே கடலை, அதே பொம்மையின் இன்னொரு பல்பு, அதே பேனாவின் மூடி. எதற்கென்று கீழே சொல்கிறோம். காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதற்காக வீட்டுக்குத் திரும்பாதீர்கள், பிறகு யாராவது கொண்டுவரலாம்.

கழுத்தையோ நெஞ்சையோ கிழிப்பார்களா?

அநேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும் தேவைப்படாது. வாய் வழியாக, குரல்நாண்களுக்கு இடையே ஓர் உலோகக் குழாயை இறக்கி அதற்குள்ளேயே எடுக்கிறோம். உடம்பில் வெட்டும் இல்லை, தையலும் இல்லை. ஜெர்மனியில் குஸ்தாவ் கில்லியன் 1897-இல் முதன்முதலாக இப்படி ஒருவரின் கிளைக்குழாயிலிருந்து எலும்புத் துண்டை எடுத்தார். அடிப்படை இன்றும் அதுவே.

கூரான பெரிய பொருள் குரல்நாண்களுக்கு இடையே திரும்பி வரவே முடியாதபோது, கழுத்தில் சிறு துளையிட்டு அதன் வழியே எடுக்க நேரலாம். நெஞ்சைத் திறப்பது மிக அபூர்வம். பொருள் பல மாதம் இருந்து நுரையீரலின் ஒரு பகுதி கெட்டுப்போனபோது, அல்லது எந்த வழியிலும் பிடி கிடைக்காதபோது மட்டும்.

வளையும் ஸ்கோப் பற்றியும் கேட்பார்கள். சிக்கியிருக்கிறதா என்ற சந்தேகத்தைத் தீர்க்க அது நல்ல கருவி. ஆனால் சிறு குழந்தைக்குப் பொருளை எடுக்க எங்கள் தேர்வு உலோகக் குழாய்தான். அதன் வழியாகவே ஆக்சிஜனும் போகும், பெரிய இடுக்கியும் போகும்.

தியேட்டருக்குள் என்னதான் நடக்கிறது?

குழந்தை உள்ளே வரும் முன்பே எல்லாம் பூட்டித் தயாராக இருக்க வேண்டும். வயதுக்கேற்ற ஸ்கோப், அதற்கு ஒரு அளவு சிறியதும் கூடவே. ஒன்று முதல் இரண்டு வயதுக்குப் பெரும்பாலும் 3.5 எண். அதன் வெளிவிட்டம் 5.7 மில்லிமீட்டர் வரும், அதனால்தான் அளவில் தாராளம் காட்ட இடமில்லை. உள்ளே போகும் தொலைநோக்கி, ஒளி, இரண்டு உறிஞ்சி, கடலையைப் பிடிக்கும் இடுக்கி, வழுக்கும் பொருளுக்கு முதலைவாய் இடுக்கி, நுனியில் பலூன் உள்ள ஃபோகார்ட்டி குழாய், கழுத்தில் துளையிடும் செட். நீங்கள் கொண்டுவந்த மாதிரிப் பொருளை மேசையில் வைத்து எந்த இடுக்கி பிடிக்கிறது, எந்தக் கோணத்தில் பிடித்தால் வழுக்கவில்லை என்று இங்கேதான் பார்த்துக்கொள்கிறோம். உள்ளே சோதனை செய்து பார்க்க நேரம் கிடையாது.

மயக்க மருந்து மருத்துவரும் ஸ்கோப் போடுபவரும் ஒரே மூச்சுக்குழாயைப் பகிர்ந்துகொள்ளும் வேலை இது. எந்த நிலையில் என்ன செய்வது என்று இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் செவோஃப்ளூரேன் வாயுவை முகமூடியில் கொடுத்து, குழந்தை தானாக மூச்சு விட்டபடியே தூங்க வைக்கப்படும். அழுத்திக் காற்றுக் கொடுத்தால் பொருள் கீழே போகலாம். நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவைத் தவிர்க்கிறோம். மாட்டிக்கொண்ட காற்றை அது இன்னும் உப்ப வைக்கும். குரல்நாண்களில் மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் மருந்துத் தெளிப்பு, கிலோவுக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் போகாமல். 10 கிலோ குழந்தைக்கு 2 சதவீதக் கரைசலில் 2 மில்லி என்பது உச்ச அளவு. வீக்கத்தைக் குறைக்க டெக்ஸாமெத்தசோன் ஊசி.

குரல்நாண்களைத் தாண்டியதும் சந்தேகம் இல்லாத பக்கத்தை முதலில் பார்த்துச் சளியை உறிஞ்சி விடுவது நல்லது. கஷ்டம் வந்தால் குழந்தை அந்தப் பக்கத்தை வைத்துத்தான் மூச்சு விடும். பிறகு சிக்கிய பக்கம். வலது கிளைக்குழாய் அகலம், நேராக இறங்குவது. ஆனாலும் சிறு குழந்தைகளுக்கு இடப்பக்கமும் அடிக்கடி சிக்குகிறது. சுற்றிலும் சதை வளர்ந்து ரத்தம் கசிந்தால் நீர்த்த அட்ரினலின் வைத்துக் காத்திருப்போம். கடலையை இறுக்கிப் பிடித்தால் நொறுங்கும், தளர்த்திப் பிடித்தால் நழுவும். அது கைப்பழக்கம். ஆக்சிஜன் அளவு இறங்கினால் ஸ்கோப்பைப் பெரிய மூச்சுக்குழாய்க்கு இழுத்து, அளவு ஏறும்வரை காற்றுக் கொடுத்துவிட்டு மறுபடி முயல்வோம்.

பொருள் ஸ்கோப்பின் வாய்க்குள் நுழையாத பெரியதாக இருந்தால் (கடலை பெரும்பாலும் அப்படித்தான்) அதை ஸ்கோப்பின் நுனியோடு ஒட்டிப் பிடித்து, இடுக்கி, ஸ்கோப், பொருள் மூன்றையும் ஒன்றாக வெளியே எடுப்போம். எடுத்த பிறகு கட்டாயம் ஸ்கோப்பை மறுபடி இறக்கிப் பார்க்க வேண்டும். இரண்டாவது துண்டு இருப்பது அடிக்கடி நடப்பது.

எந்த இடத்தில் சிக்கலாகிறது?

மிக ஆபத்தான நொடி, பொருள் குரல்நாண்களுக்குச் சற்றுக் கீழே, குழந்தையின் குழாயிலேயே மிகக் குறுகிய வளையத்தைக் கடக்கும் நேரம். இடுக்கியிலிருந்து அங்கே கழன்றால் பெரிய மூச்சுக்குழாய் முழுதும் அடைபடும், இரண்டு நுரையீரலுக்கும் காற்று இல்லை. உடனே எடுக்க முடியவில்லையென்றால் செய்ய வேண்டியது ஒன்றே. பொருளை அது முன்பு இருந்த அதே பக்கக் கிளைக்குத் திருப்பித் தள்ளி, மறுபக்கத்தால் மூச்சு விட வைத்து, பிறகு எடுப்பது. நல்ல பக்கத்துக்குள் தள்ளிவிட்டால் நிலைமை படுமோசம். முன்பு அடைபட்டிருந்த பக்கம் இன்னும் வேலைக்கு வந்திருக்காது.

குரல்வளை வீக்கம், மூச்சுக்குழாய் இறுக்கம், ரத்தக்கசிவு, நுரையீரலில் காற்றுக் கசிவு ஆகியவையும் நேரலாம். அனுபவமுள்ள பெரிய மையங்களில் உயிரிழப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. ஆனால் அது பூஜ்யம் அல்ல, கையெழுத்துப் போடும் முன் அதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். தாமதமாக வரும் குழந்தைக்கு ஆபத்து கூடுதல்.

இப்போதுதான் சாப்பிட்டான். மயக்க மருந்து கொடுக்க எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும்?

நிலையாக இருக்கும் குழந்தைக்குத் திட உணவுக்கும் பசும்பாலுக்கும் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம் என்பது வழக்கம். மூச்சு திணறினால் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது, உடனே தியேட்டர்தான். நடுராத்திரி வந்த நிலையான குழந்தைக்கு, அனுபவமுள்ள ஆட்கள் வரும் காலைவரை ஐசியுவில் கண்காணித்துக் காத்திருப்பதும் சரியான முடிவே. அதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம்.

பட்டன் பேட்டரி என்றால்?

காத்திருப்பே கிடையாது. ஈரமான சவ்வில் பட்டதும் அது காரத்தை உண்டாக்கிச் சதையை அரிக்கத் தொடங்கும். உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்தில் ஆழமான புண் வரும். எக்ஸ்ரேயில் காசுபோல வட்டமாகத் தெரியும், ஓரத்தில் இரட்டை வளையம் இருந்தால் அது பேட்டரி. வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

ஸ்கோப் போட்டும் உள்ளே ஒன்றும் இல்லையென்றால்?

சில குழந்தைகளுக்கு அப்படித்தான் இருக்கும். இருமி வெளியே தள்ளியிருக்கும், விழுங்கியிருக்கும். பத்து பேருக்குப் போட்டுப் பத்து பேரிடமும் பொருள் கிடைக்கிறது என்றால், சந்தேகத்துக்குரிய சிலரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம் என்று அர்த்தம்.

எத்தனை வயதுவரை கடலை கொடுக்கக் கூடாது?

முழுக்கடலை, முழுப்பருப்பு, பாக்கு 4 வயது முடியும்வரை வேண்டாம், 5 என்றால் இன்னும் நல்லது. அரைத்த பொடியாக, உருண்டையாக இல்லாமல் குழைவாகக் கொடுக்கலாம். சுண்டலை மசித்துக் கொடுங்கள். பொம்மைகளுக்கு, 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள உருளைக்குள் முழுதாக நுழையும் எதுவும் 3 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கைக்குப் போகக் கூடாது. 2021 ஜனவரி முதல் இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். திருவிழாக் கடையில் அந்த முத்திரையைத் தேடிப் பாருங்கள்.

எடுத்த பிறகு என்ன கவனிக்க வேண்டும்? பல வாரம் உள்ளே இருந்திருந்தால் நுரையீரல் சரியாகுமா?

முதல் 24 மணி நேரம் கண்காணிப்பு. மூச்சு இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் குரல்வளை வீங்கியிருக்கிறது. அட்ரினலின் நெபுலைசேஷனும் ஸ்டீராய்டும் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். தொண்டை மரப்பு நீங்கி, குழந்தை நன்றாக விழித்த பிறகே மருத்துவர் சொல்லும் நேரத்தில் முதலில் தண்ணீர், பிறகு பால். சிக்கலில்லாத குழந்தை ஓரிரு நாளில் வீடு திரும்பும். கிருமித்தொற்று இல்லாதவருக்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை.

முதல் சில நாட்களில் எடுத்திருந்தால் நுரையீரல் முழுதாகத் தேறிவிடும். பல வாரம் இருந்தது என்றால் சுருங்கிய பகுதி விரிய நேரம் ஆகும். எடுத்த பிறகுதான் பிசியோதெரபி உதவும், சில வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் இருந்திருந்தால் கிளைக்குழாய் நிரந்தரமாக விரிந்து, அங்கே சளி தேங்கிக்கொண்டே இருக்கலாம். காய்ச்சல் திரும்பினாலோ, ஒரு பக்க வீசிங் தொடர்ந்தாலோ, ‘அதுதான் எடுத்தாச்சே’ என்று இருந்துவிடாமல் அதே மருத்துவரிடம் மறுபடி போங்கள். விட்டுப்போன துண்டுக்காக இரண்டாம் முறை ஸ்கோப் போட நேர்வதுண்டு.